ஜப்பானிய மொழி மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் 9 ஆண்டுகளாக ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புதியவர்கள் இல்லை. எங்கோ ஒரு வகுப்பில் பணம் கட்டி, பாதி தூரம் வந்து நின்றுபோனவர்கள். வண்டி நின்ற இடம் ஆளுக்கு ஆள் வேறு. காரணங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறிவாரியாக எழுதிவைக்கிறேன். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை, உங்கள் அறிகுறியைத் தேடி நேரே அங்கே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முன்னால் வரும், செலவு வைப்பது கடைசியில்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அது இந்தக் கட்டுரைக்காக மட்டும். உங்கள் நோட்டில் அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதை இரண்டாவது அறிகுறியில் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

நோட்டைத் திறந்து, சொற்களுக்கு எந்த மொழியில் பொருள் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் என்றால், கீழே வரும் கோளாறுகளில் பாதி அங்கேயே தொடங்குகிறது. பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் விளக்குகின்றன, வகுப்பும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நாமும் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அதைத் தலைகீழாகப் புரட்டி ஜப்பானியமாக்குகிறோம். தமிழிலிருந்து ஜப்பானியத்துக்கு நேர் ரோடு இருக்கிறது. வினை கடைசியில் வருவது, பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவது, ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்று அடைமொழி முன்னால் நிற்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. அந்த ரோட்டிலும் நாலைந்து பள்ளம் உண்டு, அவற்றையும் காட்டுகிறேன்.

ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். புதிய சொற்களுக்கும் வாக்கியங்களுக்கும் தமிழில் மட்டும் பொருள் எழுதுங்கள், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில்.

அறிகுறி 1: எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் வாசிக்க நேரமாகிறது

ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்துவரிசையான ஹிரகானாவின் 46 எழுத்தையும் ஒரு தாளில் கலைத்து எழுதி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் எழுத்து இன்னும் மனதில் ஏறவில்லை.

முதல் காரணம் எளிது. ஜப்பானிய எழுத்துக்கு மேலே பென்சிலால் ஆங்கிலத்திலோ தமிழிலோ உச்சரிப்பு எழுதிவைத்திருப்பீர்கள். கண் அங்கேதான் போகும். ரப்பரை எடுத்து அழித்துவிடுங்கள். அழிக்க மனம் வரவில்லை என்றால் அதுவே நோய் என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம் கதகானா, அதாவது வெளிநாட்டுச் சொற்களை எழுதும் எழுத்துவரிசை. ஹிரகானாவை உருப்போட்ட உற்சாகத்தில் இதை ஒப்புக்கு முடித்திருப்பார்கள். ஷி, த்ஸு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஸொ, ன் இரண்டும் அப்படித்தான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, கையால் எழுதினால் பிரியும். ஷி, ன் இரண்டிலும் நீளக்கோடு கீழிருந்து மேலே ஏறும். த்ஸு, ஸொ இரண்டிலும் மேலிருந்து கீழே இறங்கும். நாளுக்கு 20 தடவை வீதம் ஒரு வாரம் எழுதினால் போதும்.

இந்த அறிகுறிக்கு வாத்தியார் தேவையில்லை. எழுத்துக்கு மட்டும் தனி வகுப்பு என்று யாராவது பணம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அறிகுறி 2: நான் சரியாகத்தான் சொல்கிறேன், அவர்களுக்குப் புரியவில்லை

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு முறை நான் வேலை பார்த்த இடத்துக்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வரவிருந்தார். 8-ம் தேதி வரச் சொல்லி நான்தான் போன் செய்தேன். 4-ம் தேதி காலை வரவேற்பறையில் வந்து நிற்கிறார். 8-ம் தேதிக்கு யோக, 4-ம் தேதிக்கு யொக்க. நம் ஊர் யோகாசனம் மாதிரி சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து, க-வை அழுத்தி ‘யொக்க’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சோதனை: கைப்பேசியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்த்து, குரல்வழித் தட்டச்சைத் திறந்து, கீழே வரும் இணைகளைச் சொல்லுங்கள். எது தப்பாக விழுகிறதோ அந்தக் கிளைக்குப் போங்கள்.

சொல்லின் தொடக்கம் தப்பினால்

வானிலைக்கும் மின்சாரத்துக்கும் தமிழ் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டல்தான்: தென்கி. தங்கமும் வெள்ளியும் இரண்டுமே கின். தமிழ் எழுத்தில் நோட்டு போட்டவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. ஆனால் நாக்குக்குத் தெரியும். ‘தோட்டம்’ சொல்லிவிட்டு ‘தோசை’ சொல்லிப் பாருங்கள், இரண்டு த-வும் ஒன்றில்லை. வானிலைக்குத் தோட்டத்தின் த, மின்சாரத்துக்குத் தோசையின் த. தங்கத்துக்குக் ‘கிளி’யின் க, வெள்ளிக்குக் ‘கேஸ் அடுப்பி’ன் க. எங்கள் வகுப்பில் இதற்குத் தோசைக் குறி என்றே பெயர். நோட்டில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டுக்கொள்வார்கள்.

நடுவில் தப்பினால்

ன், ங் போன்ற மூக்கெழுத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தைத் தமிழ் தானாகவே மென்மையாக்கிவிடும். ‘தங்கி’ என்பதில் வரும் கி வேறு, ‘கிளி’யில் வரும் கி வேறு. வானிலையைச் சொல்லும்போது ‘தென்’ என்று நிறுத்தி, ‘கிளி’ சொல்லத் தொடங்கி, ‘ளி’யை விழுங்கிவிடுங்கள். பத்துத் தடவை சொன்னபிறகு இடைவெளியைக் குறையுங்கள்.

ஒற்றை, இரட்டை தப்பினால்

என் 4-ம் தேதிக் கதை இதுதான். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் மென்மையாகத்தான் ஒலிக்கும் (பாதை), அழுத்தமாக வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும் (பத்தை). ஜப்பானியத்துக்கு மூன்றாவது ஒன்று வேண்டும்: அழுத்தமாக, ஆனால் ஒற்றையாக. ‘வந்து’ என்பதற்கு அவர்கள் சொல்லும் கிதெ அப்படிப்பட்டது. நாம் அதைப் பாதையின் த போட்டுச் சொல்வோம், அல்லது கித்தெ என்போம். கித்தெ என்றால் தபால்தலை. தெருவின் தெ-யை வைத்துத் தப்பிக்கலாம்: ‘கி தெரு’ என்று இரண்டு சொல்லாகச் சொல்லுங்கள். தெரு சொல்லின் தொடக்கத்தில் நிற்பதால் அதன் த அழுத்தமாகவும் ஒற்றையாகவும் வரும். பிறகு ‘ரு’வை வெட்டுங்கள். யோக-வுக்கும் இதே வைத்தியம்: ‘யோ கறி’, அப்புறம் ‘றி’யை வெட்டு.

நெடில் தப்பினால்

இது தப்பவே கூடாது. குறில், நெடில் நமக்குப் பால்குடி வயதிலேயே வந்தது. அத்தை வயதுப் பெண்ணுக்கு ஒபஸன், பாட்டிக்கு ஒபாஸன். ஆங்கில எழுத்தில் படித்தவர்களுக்குத்தான் நெடில் காணாமல் போகும். நாற்பது வயதுப் பெண்மணியைப் பாட்டி ஆக்கிவிடுவார்கள். சொல்லை ஹிரகானாவில் திரும்ப எழுதிப் பார்த்தால் ஒரே நாளில் சரியாகிவிடும்.

இசைபோல ஏறி இறங்கும் தொனியைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பாலமும் சாப்பிடும் குச்சியும் ஹிரகானாவில் ஒன்று, ஒலியில் தொனிதான் வேறு என்பது உண்மை. ஆனால் ஆற்றங்கரையில் நின்று குச்சி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். இடைநிலைக்கு வரும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம் செய்த பிறகும் குரல்வழித் தட்டச்சு அதே இணையில் தப்பினால், நேருக்கு நேர் ஒருவரிடம் நாலு பாடம் எடுங்கள். ‘உச்சரிப்பு மட்டும், இலக்கணம் வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 20 பேர் உட்காரும் வகுப்பில் இது திருந்தாது.

அறிகுறி 3: வ போடுவதா, க போடுவதா? நி-யா, தெ-யா?

இவை நான்கும் பெயருக்குப் பின்னால் ஒட்டும் ஜப்பானிய உருபுகள். வகுப்பில் வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். ஆங்கில விளக்கத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

கிளை அ: தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குகிறதா?

எனக்கு மீன் பிடிக்கும். எனக்கு ஜப்பானிய மொழி புரியும். எனக்குத் தண்ணீர் வேண்டும். எனக்குத் தலை வலிக்கிறது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இவற்றில் மீன், மொழி, தண்ணீர், தலை, தம்பி எல்லாம் உருபு ஏதும் இல்லாமல் நிற்கின்றன. ‘மீனைப் பிடிக்கும்’ என்றால் அது வேறு மாதிரிப் பிடிப்பது. ஜப்பானியத்தில் இந்த இடத்தில் எல்லாம் க: ஸகன க ஸுகி, நிஹொங்கொ க வகரு, மிஸு க ஹொஷீ, அதம க இதய். ஆங்கிலம் வழியாக வந்தவர் ‘நான் மீனை விரும்புகிறேன்’ என்று மாற்றி, நம் ‘ஐ’ உருபுக்கு ஈடான ஒ போடுவார், தப்பாகும். விலக்கு ஒன்று: ‘தெரியும்’ என்பதற்கு ஷித்தெ இரு என்ற வினை வந்தால் ஒ-தான்.

கிளை ஆ: ‘தான்’ சேர்த்தால் பொருந்துகிறதா?

யார் செய்தது? ‘நான்தான் செய்தேன்.’ இந்தத் ‘தான்’ இயல்பாக உட்கார்ந்தால் க. கேள்வியில் யார், எது, எந்த என்று எழுவாயாக வந்தாலும் க. அதற்கு மாறாக, ‘மீன்னா சாப்பிடுவேன், கறின்னா வேண்டாம்’ என்று பேச்சில் வரும் ‘ன்னா’ பொருந்தினால் வ. இந்த இரண்டு சோதனையும் பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும். மீதி இரண்டைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

கிளை இ: ‘இல்’ வந்தால் நி-யா, தெ-யா?

வீட்டில் இருக்கிறேன், நி. வீட்டில் சமைக்கிறேன், தெ. சும்மா இருந்தால் நி, ஏதாவது செய்தால் தெ. ‘கு’ வந்தால் பெரும்பாலும் நி: சென்னைக்குப் போகிறேன், 6 மணிக்கு எழுகிறேன், நண்பருக்குக் கொடுக்கிறேன். ‘ஆல்’ வந்தால் தெ: பேனாவால் எழுதுகிறேன்.

பள்ளம் இரண்டு. நண்பரைச் சந்திக்கிறேன் என்பதில் நமக்கு ஐ, அவர்களுக்கு நி. பஸ்ஸில் ஏறுகிறேன் என்பது செயல்தான், ஆனாலும் நி. இதற்குச் சமாதானம் தேடாமல் வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: நி அவு, நி நொரு.

இந்த அறிகுறிக்காக இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கும்.

அறிகுறி 4: வாக்கியம் வாயில் வர அரை நிமிடம் ஆகிறது

சின்ன வாக்கியம் வருகிறது, இரண்டு வினை சேர்ந்தால் ஸ்தம்பித்துவிடுகிறார்கள். சோதனை: ‘வாங்கி வைத்தேன்’ என்பதை ஜப்பானியத்தில் சொல்லுங்கள். மனதுக்குள் முதலில் ஆங்கிலம் ஓடியதா? ஓடியது என்றால் காரணம் அதுதான்.

தெ வடிவம் என்று பாடத்தில் வருவது நம் வினையெச்சம்தான். அதோடு ஒட்டும் துணைவினைகளும் கிட்டத்தட்ட ஒன்றே. சாப்பிட்டுப் பார் என்பது தபெதெ மிரு. மிரு என்றால் பார். வாங்கி வை என்பது கத்தெ ஒகு. ஒகு என்றால் வை. மறந்துவிட்டேன் என்பது வஸுரெதெ ஷிமத்த. ‘வருவார் என்று நினைக்கிறேன்’ என்பதில் வரும் ‘என்று’ அப்படியே தொ. முதல் நாள் இதைக் கரும்பலகையில் எழுதியபோது, ஆறு மாதமாக வேறெங்கோ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நோட்டை மூடிவைத்துவிட்டு, “இதை ஏன் சார் யாருமே சொல்லல?” என்று கோபித்துக்கொண்டார். (இரண்டு மொழிக்கும் ரத்த உறவு என்று ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நமக்கு உறவு முக்கியமில்லை, உதவினால் சரி.)

ஒரு நுட்பம். மிதெ இரு என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே அச்சில் கிதெ இரு என்றால் வந்துகொண்டிருக்கிறாரா? இல்லை, வந்திருக்கிறார். ஆள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலம் வழியாகப் போனவர்கள் இதில் வழுக்கி விழுவார்கள். தமிழில் ‘கொண்டிரு’, ‘இரு’ இரண்டையும் போட்டுப் பார்த்து எது பொருளுக்குச் சரியோ அதை எடுங்கள்.

இங்கேயும் ஒரு பள்ளம். போனில் கூப்பிட்டால் நாம் ‘இதோ வர்றேன்’ என்போம். ஜப்பானியத்தில் ‘இதோ போகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்: இம இகிமஸ். வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் சொல்கிறது. கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் நாம் ‘வருகிறோம்’. ஜப்பானியரின் ‘வா’ பேசுகிறவர் பக்கம் மட்டும்தான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது இத்தெ கிமஸ். சொல்லுக்குச் சொல் ‘போய் வருகிறேன்’.

வினையெச்சம் அமைக்கத் தெரியாமல் தடுமாறினால் அது வேறு கோளாறு. நொமு எப்படி நொன்தெ ஆனது, ககு எப்படிக் கய்தெ ஆனது என்று விதி தேட வேண்டாம். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல 30 வினையை ராகம் போட்டுத் தினமும் சொல்லுங்கள். நாம் யாரும் வந்து, படித்து, ஓடி, கேட்டு என்பதற்கெல்லாம் விதி கற்று வரவில்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒரு மாதம் இப்படிப் பேசிப் பழகியும் வேகம் வரவில்லை என்றால், வாரம் அரை மணி நேரம் பேசக்கூடிய துணை வேண்டும். ஜப்பானியர்தான் வேண்டும் என்பதில்லை. உங்களைவிட ஒரு படி மேலே இருக்கும் தமிழர் ஒருவரே இதற்கு நல்லவர், தப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அறிகுறி 5: கான்ஜி இன்று படித்தால் நாளைக்கு நிற்பதில்லை

கான்ஜி என்பது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்து இருக்கிறது. அங்கே ஆரம்பப்பள்ளியின் 6 ஆண்டுகளில் பிள்ளைகள் கற்பது 1026. நீங்கள் மூன்று மாதத்தில் 500 திட்டம் போட்டிருந்தால் கோளாறு ஞாபகத்தில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

எழுத்தைத் தனியாகப் படிக்கிறீர்களா? ‘உயிர்’ என்று பொருள்படும் எழுத்து, மாணவர் என்ற சொல்லில் ஸெய், பிறத்தல் என்பதில் உ, பச்சையாக என்பதில் நம. மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி உருப்போட்டால் மூன்றும் போகும். ஒரு அட்டைக்கு ஒரு சொல் போதும். ஒரே எழுத்துக்கு ஏன் இத்தனை ஒலி என்று எரிச்சல் வந்தால் நம் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: தனியாகத் தண்ணீர், கூட்டுச் சொல்லில் ஜலதோஷம். அவர்களும் தனியாக மிஸு என்பார்கள், புதன்கிழமையைச் சொல்லும்போது அதே எழுத்து ஸுய் ஆகிவிடும்.

உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கிறீர்களா? மரம் ஒன்று, இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. மரத்தில் சாய்ந்த மனிதன் ஓய்வு. எல்லாம் இப்படிக் கதையாக வராது. ஆனால் குழப்பும் ஜோடியைப் பிரிக்க இது உதவும். ‘காத்திரு’, ‘கையில் பிடி’ இரண்டுக்கும் வலப்பக்கம் ஒன்றே. பிடிப்பதில்தான் இடப்பக்கம் கை இருக்கிறது.

சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டிச் சோதிக்கும் ஆன்கி செயலியை வைத்திருப்பவர்கள் அமைப்பைப் போய்ப் பாருங்கள். நாளுக்கு 20 புதிய அட்டை என்று அது தானாகவே வைத்திருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு 7 போதும். இல்லையென்றால் தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் நூற்றுக்கணக்கில் பாக்கி நிற்கும். அன்றோடு செயலியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள், பலர் அப்படித்தான் போட்டார்கள். எட்டு முறை தப்பிய அட்டையை அது அட்டை என்றே, அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றே, தனியாகக் குறிக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் அழித்துவிடுங்கள். தேவையான சொல் என்றால் வாசிப்பில் தானாகத் திரும்பி வரும்.

கான்ஜிக்கு ஆசிரியர் செய்யக்கூடியது மிகக் குறைவு. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

அறிகுறி 6: வாசித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை

அரை நிமிட ஒலித்துண்டு ஒன்றை எடுங்கள், எழுத்து வடிவமும் கையில் இருக்க வேண்டும். மூன்று தடவை கேட்டு, கேட்டதை எழுதுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையால் திருத்துங்கள். சிவப்பு எங்கே விழுந்திருக்கிறது?

தெரியாத சொற்களின் மேல் விழுந்திருந்தால் அது கேட்கும் கோளாறே இல்லை, சொல் பஞ்சம். சுலபமான துண்டுக்கு இறங்குங்கள்.

தெரிந்த சொற்களின் மேல் விழுந்திருந்தால் அவற்றைக் கண்ணால் மட்டும் கற்றிருக்கிறீர்கள். இனிமேல் ஒலி இல்லாமல் ஒரு சொல்கூடப் படிக்காதீர்கள்.

வினை முடிவுகளின் மேல் விழுந்திருந்தால் பேச்சுவழக்குச் சுருக்கம் பழகவில்லை. ‘போய்விட்டது’ என்று எழுதி ‘போயிடுச்சு’ என்று பேசுகிற நமக்கு இது புதிதா? அவர்களும் இத்தெ ஷிமத்த என்று எழுதுவார்கள், இச்சத்த என்று பேசுவார்கள். ‘தெ இரு’ என்பது ‘தெரு’ ஆகும். நகெரெப என்பது நக்ய ஆகும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சுருக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினால் பெரும்பகுதி தீர்ந்தது.

இரண்டு மாதம் தினமும் செய்தும் சிவப்பு குறையவே இல்லை என்றால்? ஒரு மாணவிக்கு அப்படி இருந்தது. தமிழில் பேசும்போதும் அவர் ‘என்னது?’ என்று அடிக்கடி கேட்பதைக் கவனித்து, காது மருத்துவரிடம் போகச் சொன்னேன். ஒரு காதில் செவித்திறன் குறைந்திருந்தது. அபூர்வம்தான். ஆனால் மின்விசிறி ஓடும் அறையில் வீட்டார் பேசுவதும் உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால், மொழி வகுப்புக்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி 7: மொத்த மதிப்பெண் இருக்கிறது, தேர்வில் தேறவில்லை

ஜே.எல்.பி.டி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சென்னையிலும் மையம் உண்டு. அடிநிலை என்-5, எண் குறையக் குறையக் கடினம். மொத்தம் 180. தேற என்-5-க்கு 80, என்-4-க்கு 90, என்-3-க்கு 95 வேண்டும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரம்பு இருக்கிறது: என்-5, என்-4 இரண்டிலும் மொழியறிவும் வாசிப்பும் சேர்த்து 120-க்கு 38, கேட்டல் 60-க்கு 19. எங்களிடம் வந்த ஒரு பொறியாளர் என்-4-இல் 79-ம் 17-ம் வாங்கியிருந்தார். கூட்டினால் 96, முடிவு தோல்வி.

அதனால் மதிப்பெண் தாளை எடுத்து முதலில் சின்ன எண்ணைப் பாருங்கள். கேட்டல் குறைவென்றால் அறிகுறி 6-க்குப் போங்கள். தேர்வில் ஒலி ஒரே ஒரு தடவைதான் ஓடும், ஆகவே பயிற்சியின் கடைசி மாதத்தில் நீங்களும் ஒரே தடவைதான் கேட்க வேண்டும். வாசிப்பு குறைவென்றால், நேரம் போதாமல் விட்டதா, புரியாமல் விட்டதா? என்-4-இல் இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்து 55 நிமிடம். இலக்கணத்தை 20-க்குள் முடிக்காவிட்டால் கடைசிப் பத்திகளுக்கு நேரம் இருக்காது. வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு மாதிரித் தாள் எழுதினாலே எது என்று தெரிந்துவிடும்.

இரண்டு முறை ஒரே பகுதியில் விழுந்தால் தேர்வுப் பயிற்சி வகுப்பில் சேரலாம். ஒருமுறை விழுந்ததற்கே சேர வேண்டாம்.

அறிகுறி 8: சான்றிதழ் இருக்கிறது, ஜப்பானியர் எதிரே வாய் திறக்கவில்லை

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. பேசாமலே என்-2 வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் உம் கொட்டுகிறீர்களா என்று. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவாள் இல்லையா? ஜப்பானியரும் அப்படித்தான். நாம் மரியாதையாக வாயை மூடிக் கேட்டால், போன் துண்டித்துவிட்டதோ என்று ‘மொஷி மொஷி’ என்பார்கள். ஹை, ஏ, ஸோ தெஸு நெ என்று இடையிடையே போடுங்கள். வாய் ஏற்கெனவே திறந்திருப்பதால் அடுத்த சொல் வருவது சுலபம். அவர் சொல்லும் ஹை-யையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ மட்டும்தான். ‘ஸொரெ வ சொத்தொ...’ என்று இழுத்து நிறுத்தினால், நம் ஊரில் ‘பார்க்கலாம் சார்’ என்றால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்.

அடுத்து, ஒத்திகை. உங்கள் ஊர், வேலை, குடும்பம், நேற்று என்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து கேளுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அந்தச் சொல்லைத் தேடி, மறுநாள் அதே பேச்சை மறுபடி பதியுங்கள். தலைப்பை மாற்றாமல் ஐந்து நாள் செய்யுங்கள். முதல் நாள் பதிவை அழிக்காதீர்கள், ஐந்தாம் நாள் கேட்டால் சிரிப்பு வரும்.

வேலைக்கு நேர்காணல் தேதி குறித்துவிட்டார்கள் என்றால் மட்டும் இதற்குப் பணம் செலவழியுங்கள். மரியாதைச் சொற்களைத் தப்பாகப் போட்டால் அங்கே உண்மையிலேயே இடிக்கும், தனியாகப் படித்து அதைச் சரிபார்க்க முடியாது. நேர்காணலுக்கு ஆறு வாரம் முன்பே, ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ள ஒருவரைப் பிடித்து, குறைந்தது மூன்று மாதிரி நேர்காணல் நடத்தச் சொல்லுங்கள். அவற்றில் முதலாவதில் அவர் உங்களைத் திருத்தாமல் கடைசிவரை பேச விட வேண்டும்; இதை அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.